சங்கத்து நீதிபதியும் பெரிய கிடாரமும்

1

என் மனைவி மனோன்மணி போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைக்கும் ஒரு நீதிபதி. ஊரிலிருந்து இதை வாசிக்கிற நண்பர்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். மனோ ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரத்தம் சோதிக்கிறவர். சட்டப் புத்தகம் எதையும் தொட்டுப் பார்த்ததில்லை. நாங்கள் குடியேறியிருக்கிற இந்த நாட்டில் நீதிபதிகளை அரசாங்கம்தான் நியமிக்கும், சனங்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்வதில்லை. அப்படித் தெரிவு செய்கிற ஒரே இடம், எனக்குத் தெரிந்து, ஸ்பிரிங்வேல் பக்கத்தில் ஒரு வாடகை மண்டபத்தில் கூடுகிற எங்கள் தமிழ்ச் சங்கம்தான்.

எல்லாம் அரசாங்கத்திலிருந்து வந்த ஒரு கடிதத்தால் வந்த வினை. பதிவு செய்த சங்கம் என்றால், உறுப்பினர்களுக்குள் பிணக்கு வந்தால் அதைத் தீர்க்க ஓர் ஒழுங்கு இருக்க வேண்டுமாம். எங்கள் செயலாளர் ராகவன் சென்னைக்காரர், கம்பியூட்டர் வேலை, விதி என்றால் உயிரை விடுவார். அவர் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து விளக்கினார்.

"நமக்குள்ள சண்டை கிண்டை வந்தா தீர்த்து வைக்க ஒரு ஆள் வேணும்னு கேக்கறாங்க."

"வந்தாலோ? வந்துதானே கிடக்கு!" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

எங்கள் கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. யார் அந்த நேரம் மண்டபத்துக்குள் இல்லையோ, அவரைத்தான் பதவிக்குப் பிரேரிப்போம். உள்ளே இருக்கிறவர்கள் எல்லோரும் "ஐயோ எனக்கு நேரமில்லை" என்று கையை ஆட்டுவார்கள், வெளியே நிற்பவரால் ஆட்ட முடியாது. அன்றைக்கு, நகரசபைக்காரன் தெருவில் வருகிறான் என்று கேள்விப்பட்டு, மனோ காரை இடம் மாற்றப் போயிருந்தார். திரும்பி வந்தபோது மண்டபமே கை தட்டியது. தண்டப்பணம் விழாமல் காரைக் காப்பாற்றியதற்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து அவரும் சிரித்துக் கும்பிட்டார்.

பதவியின் பெயர் என்னவோ நீளமானது. அடுத்த நாளே அது "நீதிபதி" என்று சுருங்கிவிட்டது. மனோ ஒரேயொரு நிபந்தனை வைத்தார்.

"என்னைத் தெரிவு செய்தது நீங்கள். வருஷா வருஷம் இதே கூட்டத்தில, என்ன தீர்ப்புச் சொன்னனான், ஏன் சொன்னனான் எண்டு எழும்பி வாசிப்பன். பிடிக்காட்டி ஆளை மாத்துங்கோ."

2

அதன் பிறகு எங்கள் சாப்பாட்டு மேசை கோடு, அதாவது நீதிமன்றம், ஆகிவிட்டது. நான் ரயில் நிலையத்தில் வேலை செய்கிறவன், மாறி மாறி வரும் நேரங்கள். அசதியாக வீட்டுக்கு வந்தால், குசினிக் கதிரைகளில் வாதியும் பிரதிவாதியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பார்கள். தேநீர் ஊற்றிக் கொடுக்கும் கோட்டுச் சேவகன் நான்தான். மகள் அபிராமி காதில் எதையோ மாட்டிக்கொண்டு, "ஹாய் அன்ரி, ஹாய் அங்கிள்" என்று ஒரு பொதுவான வணக்கத்தை எறிந்துவிட்டு மாடிக்குப் போய்விடுவாள். சங்கப் பக்கம் அவள் வந்து வருடக்கணக்காகிறது. அதைப் பற்றி நானும் மனோவும் கதைப்பதில்லை, கதைத்தால் வருத்தமாகிவிடும்.

மனோவின் புகழ்பெற்ற தீர்ப்பு குத்துவிளக்கு வழக்கில் வந்தது. விழாக்களில் விளக்கேற்ற யாரை முதலில் கூப்பிடுவது என்பதில் எங்களுக்குள் நடந்த போர்களை எழுதினால் தனிப் புத்தகம் வேண்டும். டாக்குத்தரை எஞ்சினியருக்குப் பிறகு கூப்பிட்டார்கள், மூத்த உறுப்பினரை மறந்தே போனார்கள், இப்படி. மனோ இரண்டு தரப்பையும் கேட்டுவிட்டுச் சொன்ன தீர்ப்பு இதுதான்: அன்றைக்கு மண்டபத்துக்கு முதலில் வருகிற ஐந்து பேர், வந்த ஒழுங்கிலேயே விளக்கேற்றுவார்கள்.

சங்கத்தின் வரலாற்றிலேயே முதல் தடவையாக அடுத்த விழா குறித்த நேரத்துக்குத் தொடங்கியது. மண்டபம் திறக்க முன்னமே வாசலில் பட்டுவேட்டியோடு ஆட்கள் குளிருக்குள் நின்றார்கள். நான் பெருமையில் வீங்கிப்போய்த் திரிந்தேன்.

3

மனோவுக்கு அந்த நிபந்தனை எங்கேயிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கலியாணம் முடித்த புதிதில் நான் சொன்ன ஒரு கதையிலிருந்து.

என் அப்பா எங்கள் ஊர்ப் பக்கத்துக் கோட்டில் முதலியார் என்ற உத்தியோகம் பார்த்தவர். ஆட்களின் பெயரைக் கூப்பிடுவதும், நீதவான் ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழில் உரத்துச் சொல்வதும் அவருடைய வேலை. ஒரு நாள் விளக்கில்லாமல் சைக்கிள் ஓடிய வழக்கு. "கந்தையா" என்று அப்பா கூப்பிட, வேறு அலுவலுக்கு வந்திருந்த இன்னொரு கந்தையா எழுந்துபோய்க் கூண்டில் ஏறிவிட்டார். குற்றவாளியா சுற்றவாளியா என்று கேட்டதும், "குற்றவாளிதான் ஐயா" என்றார். சைக்கிளே இல்லாத மனிதர். மறுத்தால் இன்னொரு தவணை போடுவார்கள், இன்னொரு நாள் தோட்டத்து வேலை கெடும், ஒப்புக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம். அவருக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான்.

அடுத்த நாள் உண்மை தெரிந்து, அப்பா நீதவானின் அறைக்குப் போய்ப் பணிவாகச் சொன்னார். நீதவான் தலையை நிமிர்த்தவில்லையாம். சொன்ன தீர்ப்புச் சொன்னதுதான், வேண்டுமானால் மேன்முறையீடு செய்யட்டும் என்றாராம். அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. அந்த நீதவான் மாற்றலாகிப் போகும்போது மாலை போட்டு அனுப்பினார்கள். மாலை வாங்கக் கடைக்குப் போனதும் அப்பாதான்.

பிறகு எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரம் வந்தது, ஊரும் கோடும் எங்களுக்கு இல்லாமல் போயின. இந்தக் கதை மட்டும் எங்களோடு விமானம் ஏறி வந்தது.

4

இனிக் கிடாரத்துக்கு வருகிறேன்.

எங்கள் சங்கத்துக்குச் சொந்தமாக இரண்டு பெரிய கிடாரங்கள், அதாவது சமையல் அண்டாக்கள், உண்டு. ஒரே கடையில், ஒரே அளவில் வாங்கியவை. ஒன்று சைவத்துக்கு, மற்றது விளையாட்டுப் போட்டியன்று ஆட்டிறைச்சிக் கறி காய்ச்ச. அடியில் குறி போட்டால் நெருப்பில் பெயின்ற் கருகிவிடும் என்று மூடியில் போட்டிருந்தோம்: சைவ மூடியில் பச்சை, மற்றதில் சிவப்பு. இதற்கென்று ஒரு உபகுழு கூடி எடுத்த முடிவு அது.

தலைமைச் சமையல் அந்தோனி அண்ணை. குருநகர் ஆள், கத்தோலிக்கர், இங்கே தளபாடத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நவராத்திரி வாணிவிழாவுக்குப் பொங்கலும் மத்தியானச் சாப்பாடும் இருபது வருடமாக அவர்தான் சமைக்கிறார். தொடக்கத்தில் ஒருசிலர் முணுமுணுத்தது உண்மை. அவருடைய சர்க்கரைப் பொங்கல் வாய்க்குள் போனதும் அந்த முணுமுணுப்பு நின்றுவிட்டது. வாணிவிழாவுக்கு முதல் ஒரு கிழமை அவர் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சாப்பிடுவதில்லை. அவருடைய மனைவி பிலோமினா அக்காவுக்கு அது பெரிய கரைச்சல், இரண்டு சமையல்.

போன வாணிவிழாவில், படையல் முடிந்து பந்தியும் பாதி முடிந்தபோது, சிவலிங்கத்தார் பொங்கலுக்காகக் குசினிக்குப் போனவர் கத்தினார். சிவலிங்கத்தார் எங்கள் சங்கத்தின் பழைய தலைவர், ஓய்வுபெற்ற கணக்காளர், ஆசாரமான மனிதர். பொங்கல் கிடாரத்தின் அடியில் ஒரு நசுங்கல் இருந்தது. அந்த வருட விளையாட்டுப் போட்டியில், கறிக் கிடாரத்தைக் கீழே போட்டு நசுக்கிய நாலு பேரில் சிவலிங்கத்தாரும் ஒருவர். ஆகவே அவருக்கு அந்த நசுங்கலை நன்றாகத் தெரியும். ஆட்டிறைச்சிக் கிடாரத்தில் சரஸ்வதிக்குப் பொங்கல்!

சிலர் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார்கள். ஒரு அன்ரி அழுதார். அடுத்த கிழமை சிவலிங்கத்தார் முறைப்பாடு கொடுத்தார். அந்தோனி வேண்டுமென்றே செய்தார் என்பதுதான் முறைப்பாடு.

மனோ விசாரித்தார். சிவலிங்கத்தாரும் இன்னும் சிலரும் நீளமாகக் கதைத்தார்கள். கடைசியில் மனோ அந்தோனி அண்ணையைப் பார்த்து, "நீங்கள் என்ன அண்ணை சொல்லுறியள்?" என்றார். அவர் எங்கள் குசினிக் கதிரையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"பிழை நடந்திட்டுது பிள்ளை. பொறுப்பு என்ர."

அவ்வளவுதான். மனோவும் மேலே எதுவும் கேட்கவில்லை. வயதில் மூத்த மனிதரைச் சபையில் குடைந்து கேட்பது மரியாதையில்லை என்று நாங்கள் பழகிய பழக்கம். தீர்ப்பு எழுதப்பட்டது: முறைப்பாடு நிரூபணம், பிரதிவாதி ஒப்புக்கொண்டார், ஒரு வருடத்துக்குச் சங்கத்துக் குசினிக்குள் போகக்கூடாது. மனோ அதை வாசித்தபோது அந்தோனி அண்ணை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தேநீருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு சங்கத்து விழா எதற்கும் அவர் வரவில்லை.

5

அவரில்லாத முதல் பொங்கல் விழாவுக்குக் கடையில் சாப்பாடு எடுத்தோம். சாம்பாரில் சீனி போட்டிருந்தான். அதைப் பற்றி மேலும் எழுதமாட்டேன்.

ஒரு நாள் அபிராமி இரவுச் சாப்பாட்டுக்குக் கீழே வந்திருந்தாள். கிளேட்டனில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், சட்டம் அல்ல, பூச்சிகளைப் பற்றி என்னவோ. அந்தோனி அங்கிளை ஏன் காணவில்லை என்று கேட்டாள். அவள் சின்னவளாக இருந்தபோது அவர்தான் வெங்காயம் உரிக்க விடுவார். மனோ வழக்கை விவரித்தார். கேட்டுவிட்டு அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"பட் அம்மா, டிட் யூ ஆஸ்க் ஹிம் இஃப் ஹி நியூ?"

தெரிந்துதான் செய்தாரா என்று கேட்டாயா என்கிறாள். மனோ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மகள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அவளுக்கு அது ஒரு சாதாரணக் கேள்வி. மனோ அன்றைக்கு நெடுநேரம் தூங்கவில்லை என்பதை அடுத்த நாள்தான் எனக்குச் சொன்னார்.

அதற்குப் பிறகு மார்ச் மாதம் விளையாட்டுப் போட்டி வந்தது. சாப்பாடு முடிந்து, பெண்களும் ஆண்களுமாகச் சட்டி பானை கழுவினோம். போன வருடம் போலவே இந்த வருடமும் இரண்டு கிடாரங்களையும் பாவித்திருந்தோம், சைவக்காரருக்குத் தனிச் சோறு. மூடிகளை வெயிலில் காயப் புல்லில் பரப்பியிருந்தோம். மனோ ஒரு மூடியை எடுத்துப் பக்கத்தில் கிடந்த கிடாரத்தில் வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது. கையை எடுத்தபோதுதான் பார்த்தார், நசுங்கிய கிடாரத்தில் பச்சைக் குறி.

அப்படியே புல்லில் குந்திவிட்டார். அவருக்கு வெயில் பட்டுவிட்டதோ என்று எனக்குப் பயம்.

"என்னப்பா செய்யுது?"

"போன வருஷமும் மூடியளை நாங்கள்தான் கழுவினனாங்கள். நானும் நிண்டனான்" என்றார். "அந்தோனி அண்ணை பச்சையைப் பாத்துத்தான் எடுத்திருக்கிறார்."

கறி காய்ச்சுகிற நாளில் எல்லோரும் கழுவுவோம். கழுவுகிறவர்கள் யாரும் குறியைப் பார்ப்பதில்லை, மூடி பொருந்தினால் சரி. உபகுழு கூடி முடிவெடுத்த எங்கள் பெரிய புத்தி அவ்வளவுதான்.

6

அடுத்த சனிக்கிழமை இருவரும் அந்தோனி அண்ணை வீட்டுக்குப் போனோம். பிலோமினா அக்கா கதவைத் திறந்துவிட்டு, எங்களைக் கண்டதும் திரும்பி உள்ளே போனார். அந்த அக்கா அப்படி முகத்தை வைத்திருந்து நான் பார்த்ததேயில்லை. அந்தோனி அண்ணை பின்வளவில் கறிவேப்பிலைச் செடிக்குச் சாக்குச் சுற்றிக்கொண்டிருந்தார், குளிர் வரப்போகிறது.

மனோ சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணை, அது கறிக் கிடாரம் எண்டு தெரிஞ்சோ எடுத்தனீங்கள்?"

அவர் சாக்கைக் கட்டி முடித்தார்.

"இப்பதான் கேக்கிறீரோ பிள்ளை?"

"ஓம் அண்ணை. இப்பதான்."

"பச்சை மூடி கிடந்துது. எடுத்தன். இருட்டோட வந்து அடுப்பு மூட்டுறனான், அடியை ஆர் பாத்தது?"

"அப்ப ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?"

"சமையலுக்குப் பெரியாள் நான். பிழை நடந்தா என்ர பொறுப்பு, வேற ஆரின்ர? அதைத்தான் சொன்னனான். வேணுமெண்டு செய்தன் எண்டு நீங்கள் நினைக்கிறியள் எண்டு எனக்குத் தெரியாது, பிள்ளை. நீர் தீர்ப்பை வாசிக்கேக்கதான் எனக்கு விளங்கிச்சுது." குனிந்து மிச்சக் கயிற்றைச் சுருட்டினார். "அதுக்குப் பிறகு வாயைத் திறந்தா கெஞ்சுற மாதிரி இருக்கும். குசினிக்குள்ள விடாட்டிப் பரவாயில்லை. வேதக்காரன் கள்ளமாச் செய்துபோட்டான் எண்டு ஒரு கதை. கடைத்தெருவில சனம் என்னைக் கண்டா மற்றப் பக்கம் திரும்புது. பிலோமினா இப்ப ஸ்பிரிங்வேலுக்குச் சாமான் வாங்கப் போறேல்லை."

மனோ அழுதார். தெரியாமல் கூண்டில் ஏறிய கந்தையாவின் கதையைச் சொல்லிச் சொல்லியே வளர்ந்த வீடு எங்களுடையது. அப்படியிருந்தும் எங்கள் சொந்தக் குசினிக் கதிரையில் ஒரு கந்தையா இருந்தபோது எங்களுக்குத் தெரியவில்லை.

"நான் கூட்டத்தில சொல்லுவன் அண்ணை" என்றார் மனோ.

"சொல்லும்" என்றார் அவர். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

7

போன ஞாயிறு ஆண்டுப் பொதுக்கூட்டம். வழியில் காரில் நான் மெதுவாக ஆரம்பித்தேன்.

"இஞ்சாரும், தண்டனை முடிய இன்னும் கொஞ்சக் காலம்தானே. அவரைத் தனியாக் கூப்பிட்டுக் குசினியைக் குடுத்தாப் போதாதோ?"

"தீர்ப்பை எல்லாருக்கும் முன்னால வாசிச்சனான். பிழையைத் தனியா வாசிக்கவோ?" என்றார். நான் தெருவைப் பார்த்து ஓட்டினேன்.

மண்டபத்தின் கடைசி வரிசையில் அந்தோனி அண்ணையும் பிலோமினா அக்காவும் இருந்தார்கள். பக்கத்துக் கதிரைகள் இரண்டு பக்கமும் வெறுமை. மனோ எழுந்து அந்த வருடத்துத் தீர்ப்புகளை வாசித்தார். பட்மின்ரன் மைதானம், ஒலிவாங்கி, வழக்கமான சண்டைகள். பிறகு தாளை மேசையில் வைத்தார்.

"கிடாரத்து வழக்கில நான் சொன்ன தீர்ப்புப் பிழை. மூடியள் மாறினது விளையாட்டுப் போட்டியண்டு, கழுவின இடத்தில. கழுவின ஆக்களில நானும் ஒராள். அந்தோனி அண்ணை பச்சைக் குறியைப் பாத்துத்தான் எடுத்தவர். தெரிஞ்சு செய்தனீங்களோ எண்டு நான் அவரைக் கேக்கேல்லை. கேக்காமலே தெரிஞ்சு செய்தார் எண்டு எழுதினன். அது பெரிய அநியாயம். அவரிட்டயும் பிலோமினா அக்காவிட்டயும் உங்கள் எல்லாருக்கும் முன்னால மன்னிப்புக் கேக்கிறன்."

மண்டபம் ஒரே இரைச்சல். சிவலிங்கத்தார் எழுந்தார், முகம் சிவந்திருந்தது.

"தீர்ப்பை இப்பிடித் திருப்பித் திருப்பிப் போட்டா நாளைக்கு ஆர் மதிக்கப் போயினம்?"

ராகவன் விதிகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். "மேடம், தீர்ப்பை மறுபடி மாத்தலாம்னு இதுல எங்கயும் இல்லையே."

"அதில இல்லாட்டி நான் பிழை விடேல்லை எண்டு வருமோ தம்பி?"

ராகவன் யோசித்துப் பார்த்தார். "வராதுதான்" என்று சொல்லிப் புத்தகத்தை மூடினார்.

"இனித் தெரிவு வருது" என்றார் மனோ. "எனக்குப் போடுறதெண்டாலும் போடாமல் விடுறதெண்டாலும் இதைத் தெரிஞ்சுகொண்டு செய்யுங்கோ."

ஒவ்வொரு வருடமும் நீதிபதிப் பதவிக்கு மனோவைத் தவிர வேறு பெயர் வருவதில்லை. யாரோ மனோவைப் பிரேரித்தார்கள், யாரோ ஆமோதித்தார்கள். வேறு யாராவது உண்டா என்று ராகவன் சடங்குக்குக் கேட்டார்.

"நானும் நிக்கிறன்" என்றார் அந்தோனி அண்ணை.

எங்கள் சங்கத்தில் ஒருவர் தானாகப் பதவி கேட்டது அதுதான் முதல் தடவை. சபை திரும்பிப் பார்த்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

"கேக்காமல் விட்டா எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும். அதுதான்."

அவரை யார் பிரேரிப்பது? ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள். பிறகு முன் வரிசையில் மனோ கையை உயர்த்தினார். தனக்கு எதிராக நிற்கிறவரைப் பிரேரிக்கலாமா என்று ராகவனுக்குச் சந்தேகம் வந்தது, ஆனால் இந்த முறை அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. ஆமோதித்தது முன்பு அழுத அதே அன்ரி.

வாக்கெடுப்பு கையுயர்த்தித்தான். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மனைவிக்குப் போடாமல் வீட்டுக்குப் போவதா? நான் மனோவுக்கே கையைத் தூக்கினேன். மனோ திரும்பி என்னை முறைத்த முறையில் கை பாதி வழியில் நின்றது. அந்தப் பாதிக் கையை ராகவன் எண்ணினாரா என்று இன்றுவரை தெரியாது. எண்ணியிருந்தாலும் பயனில்லை. அந்தோனி அண்ணைக்கு எழுந்த கைகளைப் பார்த்தபோது பிலோமினா அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

கூட்டம் கலைந்தது. கதிரைகளை அடுக்கத் தொடங்கினோம். சிவலிங்கத்தார் யாரையும் பார்க்காமல் தன் குளிர்ச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். அந்தோனி அண்ணை அடுக்கிய கதிரைகளில் இரண்டை இழுத்து வந்து, எதிரும் புதிருமாகப் போட்டார்.

"இருங்கோ சிவலிங்கத்தார்."

"என்னத்துக்கு?"

"நான் வேணுமெண்டு செய்தன் எண்டு எழுதினனீங்கள். ஏன் அப்பிடி நினைச்சனீங்கள்? சண்டைக்குக் கேக்கேல்லை. உங்களையும் ஒருத்தரும் கேக்கேல்லைத்தானே."

சிவலிங்கத்தார் நின்றார். பிறகு சட்டையோடேயே கதிரையில் இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தோனி அண்ணை அவசரப்படுத்தவில்லை, கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

மண்டபத்தைப் பூட்ட வந்த வெள்ளைக்காரர், நேரமாகிவிட்டது என்று வாசலில் திறப்புக் கோர்வையைக் கிலுக்கினார். மனோ அவரிடம் போய், தயவுசெய்து இன்னும் கொஞ்சம் பொறுங்கள், உள்ளே கோடு நடக்கிறது என்றார்.